சர்வஜன ஹிதகாரிணி பாங்கியின் கிரவீன் கிளை

சிட்னியின் கிரவீனில் கொத்துரொட்டி விற்கிற மனுஷனுக்கு ரொட்டி வேண்டும், முட்டை வேண்டும், இரும்புத் தகடு வேண்டும், அதில் போட்டு அடிக்க இரண்டு கை வேண்டும். ஒரு பாங்கியும் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஸ்ரீகாந்தனும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஸ்ரீகாந்தன் படகில் வந்தவர். கோழிப் பண்ணையில் இறகு பிடுங்கி, ஆருடைய குசினியிலோ சட்டி கழுவி, கடைசியில் வாடகைக் கடையொன்றில் சொந்தத் தகடு போட்டவர். விலை குறைக்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. பார்க்கிங் அபராதம் எழுதியவனிடமே, "கடைசி விலை என்ன?" என்று கேட்டு, அவன் பதில் தெரியாமல் முழித்ததைப் பெருமையாகச் சொல்லுவார். கோபமும் அப்படித்தான், கை இருப்பில் எப்போதும் உண்டு.

அந்தக் கடைக் கட்டடத்தை டோனி என்ற இத்தாலியக் கிழவர் விற்கப் போனார். மாதக்கணக்காகப் பேரம் பேசி, கிழவரை இருமவைத்து, கும்பிடவைத்து, ஸ்ரீகாந்தன் ஒரு விலைக்குக் கொண்டுவந்துவிட்டார். மாத முடிவுக்குள் லோன் கிடைத்தால் கடை அவருக்கு. கிடைக்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்பனை, தகடும் ஆளும் றோட்டிலே. லோன் கொடுக்கிற பாங்கியில் வேலை செய்யும் நிவேதிகா, "ஆல்மோஸ்ட் டன், அங்கிள்," என்று சொல்லியிருந்தாள்.

இந்த நல்ல நேரத்தில்தான் ஸ்ருதி வந்தாள். சென்னையிலிருந்து வந்து, சிட்னியில் கடைகளுக்குக் 'கதை' செய்து கொடுக்கிற பெண். அதற்கும் ஒரு தொழில் இருக்கிறது என்று தெரிந்தபோதே ஸ்ரீகாந்தன் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், ஜனங்க இப்ப சாப்பாட்டுக்கு வர்றதில்லை. கதைக்கு வர்றாங்க."

"அப்ப கொத்துக்குப் பதிலாக் கதையையோ பாசல் கட்டிக் குடுக்கிறது?"

"உங்க கடையப் பாருங்க, நேத்துத் தொறந்த மாதிரி இருக்கு. வெள்ளைக்காரன் காலத்து விளம்பரத் தகடு ஒண்ணு வாசல்ல மாட்டுங்க. ஒரே நாள்ல கடைக்கு நூறு வயசு ஏறிடும். இப்ப அதான் ஃபேஷன்."

அவள் கொண்டுவந்த எனாமல் தகடு கதவளவு இருந்தது. ஒரு யானை இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தூங்குகிற தலைப்பாகைக்காரருக்குக் குடை பிடித்தது. கீழே இப்படி எழுதியிருந்தது:

"மதராஸ் சர்வஜன ஹிதகாரிணி பாங்கி லிமிடெட். சகல கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், தங்கள் திரவியத்தை எமது பாங்கியில் வைத்துவிட்டு நிச்சிந்தையாய் நித்திரை செய்யலாம். நூற்றுக்கு ஆறு வட்டி. திருடர், தீ, உறவினர் ஆகிய மூவகைப் பயமும் இல்லை."

"இந்தப் பாங்கி இப்ப எங்க?"

"தொறந்த ரெண்டாவது வருஷமே திவால், அங்கிள்."

"அப்ப இது பொய் விளம்பரம்."

"பொய்க்கு வயசானா அதுக்குப் பேர் வின்டேஜ்."

ஸ்ரீகாந்தன் பாதி விலைக்கு வாங்கினார். அன்று மாலையே தகடு வாசலில் ஏறியது. சனம் யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தது. எடுத்த களைப்பில் உள்ளே வந்து கொத்தும் சாப்பிட்டது. மனைவி அருந்ததி மட்டும், "யானை எங்களைத்தான் பார்த்துச் சிரிக்குது," என்றாள்.

அடுத்த கிழமை பார்த்தசாரதி வந்தார். நிதிசார் பலகைகள் மற்றும் மரபுப் பொருட்கள் ஒழுங்கமைப்புக் காரியாலயத்தின் அதிகாரி. அவர் தன்னை அறிமுகம் செய்து முடிப்பதற்குள் அருந்ததி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"சார், போர்டுல 'பாங்கி'ன்னு போட்டிருக்கு."

"ஓம், பாங்கிதான்."

"அப்ப நீங்க பேங்க்."

"நான் கொத்துக்கடை, ஐயா! வாசம் வரேல்லையோ?"

"அது உங்க கருத்து, சார். போர்டோட கருத்து வேற. எங்க காரியாலயம் எழுத்துல இருக்கிறதைத்தான் எடுத்துக்கும்."

"அந்தப் பாங்கி முறிஞ்சு நூறு வருசம்!"

"முறிஞ்சதா எங்களுக்கு யாரும் தெரிவிக்கலையே."

"உங்கட காரியாலயம் அப்ப இருக்கேல்லை!"

"அது அவங்க தாமதத்துக்குக் காரணமாகலாம், சார். மன்னிப்புக்குக் காரணமாகாது."

ஸ்ரீகாந்தன் ஏணியை இழுத்தார். "இப்பவே கழட்டுறன். பிரச்சினை முடிஞ்சுது."

பார்த்தசாரதி பதறிப்போய் ஏணியைப் பிடித்தார். "கழட்டாதீங்க! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைப் பொதுப்பார்வையில வெச்சாச்சு. இனி அது மரபு. மரபைத் தொட்டா தனி அபராதம்."

"போன கிழமைதானே நான் ஆணி அடிச்சனான்!"

"ஆணி புதுசு, அது மரபில்ல. ஆணியைத் தாராளமாக் கழட்டிக்கலாம். போர்டு மட்டும் கீழ இறங்கக் கூடாது."

ஸ்ரீகாந்தன் கொஞ்ச நேரம் தகட்டையும் ஆணியையும் மாறிமாறிப் பார்த்தார். ஆணி இல்லாமல் தகடு நிற்கிற வழி அந்தக் காரியாலயத்துக்குத் தெரிந்திருக்கலாம், அவருக்குத் தெரியவில்லை.

"தகட்டை வைச்சிருந்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றம். அப்ப என்ன செய்ய?"

"ஒரே வழி இருக்கு. 'செயற்படாத வங்கி'ன்னு பதிவு பண்ணிடுங்க. அப்புறம் யாரும் உங்களைக் கேட்க மாட்டாங்க."

"எவ்வளவு?"

"இலவசம், சார்."

வாழ்நாள் முழுவதும் பேரம் பேசியவருக்கு அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நாக்கு எழும்பவில்லை. கையெழுத்துப் போட்டார். யானையின் வயிற்றில் அரசாங்க முத்திரையோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. 'பதிவு பெற்ற வங்கி' என்பது பெரிய எழுத்து. 'செயற்படாத' என்பது எறும்பு குனிந்து வாசிக்கிற எழுத்து.

அந்தப் பக்கத்தில் இருந்த கடைசி உண்மையான பாங்கிக் கிளை போன வருடம்தான் மூடப்பட்டிருந்தது. எங்களுக்கு ஒரு பாங்கி வேண்டும் என்று சனம் கொடுத்த முறைப்பாடு எங்கோ ஒரு மேசையில் காத்துக்கிடந்தது. இப்போது அந்த மேசைக்காரருக்குப் பெரிய நிம்மதி. 'தங்கள் பகுதியில் வங்கி ஒன்று உள்ளது' என்று எல்லோருக்கும் பதில் போனது. விலாசம், கொத்துக்கடை விலாசம்.

முதலில் வந்தது கலா அன்ரி. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றா.

"தம்பி, கணக்கு ஒண்டு திறக்கவேணும்."

"அன்ரி, இது பாங்கி இல்லை. என்ன கொத்து வேணும்?"

"எனக்கு ஒளிக்காதையும். கவர்ன்மென்ட் முத்திரை குத்தியிருக்கு. ஆறு வட்டியாம்!"

"அது வெள்ளைக்காரன் காலத்து வட்டி!"

"அந்தக் காலத்து ஆக்கள் ஏமாத்தமாட்டினம்," என்று சொல்லிவிட்டு அன்ரி கதிரையில் இருந்துவிட்டா. கொஞ்ச நேரத்தில் பின்னாலே நாலைந்து பேர். ஸ்ரீகாந்தன் இல்லை, இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினார். "வட்டியைத் தன்ர சொந்தக்காரருக்கு மட்டும் பதுக்கி வைச்சிருக்கிறான்," என்று வரிசையில் முடிவாகியது. மறுநாள் வரிசை பஸ் தரிப்பு வரைக்கும் போனது.

அன்றைக்குத்தான் நிவேதிகா போன் எடுத்தாள்.

"அங்கிள், ஸொறி. லோன் டிக்ளைன்ட்."

"ஏன், பிள்ளை? எல்லாம் சரி எண்டனீர்!"

"நீங்கள் இப்ப ஒரு பாங்க் எண்டு சிஸ்டத்தில வருது. நாங்கள் கொம்பெற்றிற்றருக்கு லோன் குடுக்கிறேல்லை."

"பிள்ளை, நான் முட்டைக்கொத்துப் போடுறன். நீங்களும் போடுறியளோ? எதில போட்டி?"

"ஐ நோ, அங்கிள். பட் சிஸ்டத்துக்குக் கொத்துத் தெரியாது."

ஸ்ரீகாந்தன் காரியாலயத்துக்கு ஓடினார். "ஐயா, என்ர பாங்கியை மூடுங்கோ!"

பார்த்தசாரதி அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "மூடறதுக்கு முன்னாடி டெபாசிட் போட்டவங்களுக்கு அறிவிப்புக் கொடுக்கணும், சார்."

"ஒருத்தரும் போடேல்லை."

"அப்ப அறிவிப்புக் கொடுக்க ஆளில்லை. அறிவிப்பு இல்லாம மூட முடியாது."

"அப்ப ஒராளைப் போடச் சொல்லட்டோ?"

"அய்யய்யோ! செயற்படாத வங்கி பணம் வாங்கினா ஜெயில், சார்."

திரும்பி வரும்போது ஸ்ரீகாந்தனுக்கு உச்சியில் புகை கிளம்பியது. பாங்கியை மூட முடியாது, சரி. சனத்தை விரட்டலாம்தானே? காட்போட் மட்டையை எடுத்துக் கறுப்பு மையால் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: "உள்ளே வரக் கட்டணம். கேள்வி கேட்கக் கட்டணம். 'முடியாது' என்று நாங்கள் பதில் சொல்லக் கட்டணம். காத்திருப்பவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணம்." வந்தவர்களை நம்பர் எடுக்கச் சொன்னார். போனில் ஒரே நாதஸ்வரத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டார். நடுவில் நிறுத்தி, "நீங்கள் எங்களுக்கு மிக முக்கியமானவர்கள், அங்கேயே நில்லுங்கோ!" என்று உறுமினார். முறை வந்தவர் வாயைத் திறக்க முன்னே, "கவுண்டர் பூட்டியாச்சு," என்று ரொட்டி மாவு பிசையப் போய்விட்டார்.

இதற்குப் பிறகு சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த கடைசி ஆளுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

"நான் முதல் நம்பேல்லை," என்றாள் தர்சினி என்ற தாதிப் பிள்ளை, வேலைக்குப் போகிற வழியில் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே. "இப்ப பாத்தா உண்மையான பாங்கிதான்."

"அதிலும் இது திறம்," என்றா கலா அன்ரி. "மற்றப் பாங்கியள் மெசின் வைச்செல்லோ 'நோ' சொல்லுறது. இங்க ஒரு மனுசன், தமிழில, முகத்துக்கு நேர சொல்லுது."

பார்த்தசாரதி மூச்சு வாங்க ஓடி வந்தார். "சார், பணம் வாங்குறீங்களாமே!"

"வைப்பு ஒரு சதமும் வாங்கேல்லை. கட்டணம்தான்."

"அதுக்கு என்ன சேவை செய்றீங்க?"

"ஒண்டுமில்லை!"

அதிகாரி விதிகளைப் போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப சரி, சார். சேவை செய்யாம கட்டணம் வாங்கறது இந்தத் துறையில அங்கீகரிக்கப்பட்ட வழக்கம்." சொல்லிவிட்டு, விசாரித்ததற்கான கட்டணத்தை அவரும் கட்டினார். ரசீது கேட்டார். ரசீதுக்கும் கட்டணம் இருந்தது.

மாதம் முடிந்தது. டோனிக் கிழவர் வந்தார். வரிசையைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். பாங்கி இருக்கிற கட்டடத்துக்கும் கொத்துக்கடை இருக்கிற கட்டடத்துக்கும் ஒரே விலையா என்று நியாயமாகக் கேட்டார். மாதக்கணக்கான பேரம் ஒரு நிமிஷத்தில் கரைந்தது. புதிய விலையைக் கேட்டு ஸ்ரீகாந்தன் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் தண்ணீர் கேட்டார்.

கிழவர் மறுநாளே விற்றுவிட்டார். வாங்கியது, ஸ்ரீகாந்தனுக்கு லோன் மறுத்த அதே பாங்கி. வரிசை நிற்கிற இடத்தைச் சும்மா விட அவர்களுக்கு விசரா?

கட்டடத்தோடு அந்தப் பதிவும் அவர்கள் கைக்குப் போனது. அவர்கள் செய்த முதல் காரியம், கிளையை மூடியது. ஒரு பகல்கூடத் தேவைப்படவில்லை.

"எனக்கு மூட ஏலாது எண்டனியள்!" என்று ஸ்ரீகாந்தன் பார்த்தசாரதியிடம் பாய்ந்தார்.

"அவங்களுக்கு மூடி மூடிப் பழக்கம் இருக்கு, சார். நீங்க புதுசு."

அருந்ததி சட்டிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். தகட்டடுப்பை எப்படி எடுப்பது, இரண்டு பேர் தூக்குவார்களா என்று பேசிக்கொண்டிருக்கும்போது நிவேதிகாவின் போன் வந்தது.

"அங்கிள், குட் நியூஸ்! இப்ப நீங்கள் பாங்க் இல்லை. ஸோ, உங்கட லோன் அப்ரூவ்ட்."

"என்னத்துக்குப் பிள்ளை லோன்?"

"கடை வாங்க."

"எந்தக் கடை?"

"அதுதான் அங்கிள், உங்கட கடை. இப்ப எங்கட. உங்களுக்கு விக்க ரெடி."

"என்ன விலை?"

அவள் சொன்னாள். கிழவர் கேட்ட விலைக்கு மேலே இன்னொரு கட்டடம் கட்டலாம்.

"பிள்ளை, நீங்கள் வாங்கி மூண்டு நாளாகேல்லை. அதுக்குள்ள ஏன் இவ்வளவு ஏறினது?"

"இப்ப ஓனர் ஒரு பாங்க், அங்கிள். அதுக்கு ஒரு வால்யூ இருக்குத்தானே."

அருந்ததி கையில் பிடித்த சட்டியோடு அவரைப் பார்த்தாள். அவர் தகட்டடுப்பைப் பார்த்தார். சட்டி கழுவிய வருடங்கள் எல்லாம் ஒன்றாக வந்து முன்னே நின்றன. கையெழுத்துப் போட்டார். சனம் கட்டிய கட்டணமெல்லாம் முன்பணமாகப் போனது, மிச்சம் அவருடைய ஆயுளோடு ஒட்டிக்கொண்டது. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

இந்தச் செய்தி மாலைக்குள் நார்த்மீட் புறநகர் வரைக்கும் போய்விட்டது. கலா அன்ரிதான் முதலில் வந்து சத்தம் போட்டா.

"ஒரு மாசத்தில உம்மட கடை மட்டும் எப்பிடி விலை ஏறினது? உள்ளுக்க ஆர் உம்மட ஆள்?"

"அன்ரி, ஏறின காசு எனக்கு வரேல்லை. நான்தான் கட்டப்போறன்!"

"பாத்தியளே," என்று அன்ரி பின்னால் வந்தவர்கள் பக்கம் திரும்பினா, "பழையபடி ஒளிக்கிறான்."

மறுநாள் காலை பக்கத்து ஊரில் நிவேதிகாவின் பாங்கி கதவைத் திறக்க முன்னே வாசலில் வரிசை. வந்தவர்கள் எல்லோரும் வீட்டுப் பத்திரத்தோடு வந்திருந்தார்கள். வேண்டுகோள் எல்லோருக்கும் ஒன்றுதான்: பாங்கி தயவுசெய்து தங்கள் வீட்டை வாங்கி, ஸ்ரீகாந்தனுக்குச் செய்ததுபோல, கூடின விலைக்குத் தங்களுக்கே திருப்பி விற்க வேண்டும். வரிசையில் முதலாவதாக நின்ற பார்த்தசாரதி, பின்னால் நின்றவர்களை ஒழுங்காக நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.