லிட்டரே இல்லாத வண்டி

பாதி சவரம் செய்த முகத்தோடு யாரும் சபதம் எடுக்கக் கூடாது. கலியமூர்த்தி எடுத்தார்.

இடது கன்னத்தில் சோப்பு நுரை. வலது கன்னம் வழவழ. பாத்ரூம் ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது. பக்கத்து வீட்டு வீரராகவன் தன் புதுக் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். முதலில் அவர் மனைவி வசந்தா ஏறினாள். அடுத்து ஏறியது ஜெகதாம்பாள். கலியமூர்த்தியின் ஜெகதாம்பாள்!

பத்தொன்பது வருஷமாக அவருடைய பிக்கப் வண்டியில் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் டயர் மேலும் ஒரு கால் அந்தரத்திலுமாக, "அம்மாடியோவ்" என்று தொற்றி ஏறிய அதே ஜெகதாம்பாள். இப்போது மகாராணி மாதிரி உட்கார்ந்து, நிதானமாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வீரராகவன் கதவைப் பூப்போலச் சாத்தினார். நாலு ஜன்னல் கண்ணாடியும் மேலே ஏறியிருந்தது. ஏ.சி.! உள்ளே ஜெகதாம்பாள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிக்கப்பில் அவள் சிரித்துக் கலியமூர்த்தி பார்த்ததே இல்லை.

"ரெண்டாவது வண்டி வாங்குறேன். இந்தாளு வண்டியவிட மைலேஜ் குடுக்கிற வண்டி. அதுல ஜெகதாவ ஏத்திக்கினு இவன் ஊட்டு வாசல்ல மூணு தபா ரவுண்டு அடிக்கல, நான் கலியமூர்த்தி இல்ல!" என்று ரேசரைப் பார்த்துக் கர்ஜித்தார். ரேசர் பயந்து இடது கன்னத்தைக் கீறிவிட்டது.

இரண்டு மாதமாக இந்தக் கொடுமை நடக்கிறது. வெள்ளிக்கிழமையானால் காட்டுப்பாக்கத்திலிருந்து திருவேற்காட்டுக் கோயிலுக்கு, வீரராகவன் காரில், ஜெகதாம்பாள். போய் வந்த பிறகு சனி ஞாயிறு முழுக்க "வீரராகவன் சாரு" புராணம்.

கலியமூர்த்தி சாதாரண ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. மீதியை ரோடு சொல்லிக் கொடுத்தது. இடிக்கிற வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கி விற்கிற தொழில். பூந்தமல்லி ரோட்டில் ஒரு வீட்டுக்குக் கடப்பாறை போகிறது என்றால், கடப்பாறைக்கு முன்னால் கலியமூர்த்தியின் பிக்கப் போய் நிற்கும். அவர் வீட்டுச் சுற்றுச்சுவருக்கே கேட் கிடையாது. ஒரு பழைய ரைஸ்மில்லில் பிடித்த இரட்டைக் கதவுதான். தேக்கு. ஆனை முட்டினாலும் அசையாது. ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும்.

பேரத்தில் அவருக்கு ஒரே ஒரு விதி: வேண்டியதைத் திரும்பியே பார்க்கக் கூடாது.

வாசலில் பர்மா தேக்குக் கதவு நிற்கும். கலியமூர்த்தி அதைத் தாண்டிப் போவார். நேராக ஜன்னலுக்குப் போவார். ஜன்னலைத் தட்டுவார், முகர்வார். "இன்னா சார் இது, கரையான் கல்யாணம் பண்ணிக் குடும்பமே நடத்திக்கினு கீது?" என்பார். வீட்டுக்காரர் ஜன்னலுக்காக வரிந்துகட்டுவார். ஒரு மணி நேரம் ஜன்னல் யுத்தம். சரியான சமயத்தில் வெளியே பிக்கப்பிலிருந்து ஜெகதாம்பாள் குரல் கொடுப்பாள்: "நேரமாவுது, வாங்க போலாம்!" அது அவளுக்கு அவர் கற்றுக்கொடுத்த வசனம். கலியமூர்த்தி கிளம்புவார். நாலடி நடந்து, பெரிய மனசு பண்ணி, "சரி, ஜன்னல் உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம். அந்தக் கதவு சும்மா நிக்குது, அத்த வேணா தூக்கிப் போட்டுக்கினு போறேன்" என்பார். இந்த மனுஷன் போய்த் தொலைந்தால் போதும் என்று வீட்டுக்காரர் தலையாட்டுவார். பத்தொன்பது வருஷத்தில் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் பிக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு. குடிக்கும். லோடு இல்லாவிட்டால் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், லோடு ஏறினால் ஒன்பது. தயிர் வாங்கக்கூட அதில்தான் போக வேண்டும். ஒரு பாக்கெட் தயிருக்குக் கால் லிட்டர் டீசல்.

இதை வேறு யாராவது கண்டுகொள்ளாமல் விடுவார்கள். வீரராகவன் விடமாட்டார். ஆவடி ஃபாக்டரியில் முப்பத்தி மூன்று வருஷம் அளந்தே ரிட்டையரான கை. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. பெட்ரோல் போட்டால் எழுதுவார், ஓடினால் எழுதுவார், வகுத்து எழுதுவார். சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார்:

"நம்ம வண்டி இந்த வாரம் இருபத்திரண்டு புள்ளி நாலு சார். உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருது?"

"அது இன்னா சார் தரும்? நான்தான் அதுக்குத் தந்துகினு கீறேன்."

வீரராகவன் அனுதாபத்தோடு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவர் வீட்டு ஜன்னலை முழு விலைக்கு வாங்கி உடைக்கலாம் போலிருக்கும் கலியமூர்த்திக்கு.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தார்.

"ஜெகதா, இன்னொரு வண்டி வாங்கலாம்னு கீறேன். மைலேஜ் குடுக்கிற மாதிரி."

ஜெகதாம்பாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "காருதானே?"

"இன்னா காரு?"

"வீரராகவன் சாரு வச்சிருக்காரே, அதே மாதிரி. அதே கலரு."

"அதே" என்ற வார்த்தை கலியமூர்த்திக்குப் பச்சை மிளகாயைக் கடித்தது போலிருந்தது. "அவன் வாங்குனத நான் வாங்கணுமா? அவன் சட்டையும் வாங்கிப் போட்டுக்கட்டா?"

"போட்டுக்கோங்க. அவருது இஸ்திரி போட்டிருக்கும்."

அன்று தொடங்கியது யுத்தம். மூன்று வாரம். காலையில் காபியோடு கார். மத்தியானம் குழம்போடு கார். இரவு கொசுவர்த்தியோடு கார்.

"அவரு வண்டியில கப்பு வைக்கத் தனியா எடம் கீதுங்க."

"நம்ம வண்டியில டைனிங் டேபிளே வைக்கலாம்."

"ரிவர்ஸ் எடுத்தா படம் தெரியுதுங்க."

"நான் ரிவர்ஸ் எடுத்தா தெருவே படம் பாக்குது."

"சாரு ஆர்ன் அடிக்கவே மாட்டாரு."

"அடிச்சா மைலேஜ் கொறையும்னு பயம்!"

"எறங்கும்போது அவரே வந்து கதவத் தொறந்து விடுவாரு."

கலியமூர்த்தி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "இந்தக் கையால ஆயிரம் கதவு தூக்கியிருக்கேன்டி! தேக்கு, ரோஸ்வுட்டு, இரும்பு..."

"தூக்குனீங்க," என்றாள் ஜெகதாம்பாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "எனக்கு ஒண்ணாவது தொறந்து விட்டீங்களா?"



மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இருவரும் பிக்கப்பில் பூந்தமல்லிக்குப் போனார்கள். கார் ஷோரூமில் ஜெகதாம்பாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைத் தடவினாள், டிக்கியைத் திறந்து மூடினாள், கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். விலையைக் கேட்டதும் கலியமூர்த்தி, தன் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"வேணாம்."

"அப்ப எனக்கு ஒண்ணுமே வேணாம்," என்று வெளியே வந்தாள்.

பக்கத்துக் கடை எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கடை. கலியமூர்த்தி சும்மா நுழைந்தார். ஜெகதாம்பாள் நுழையவில்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்கூட்டர்களுக்கு முதுகைக் காட்டி, கார் கடையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விற்பனைப் பெண் ரேணுகா ஓடி வந்தாள். கலியமூர்த்தி ஒரு நீல வண்டியை அலட்சியமாகத் தட்டினார். "இது லிட்டருக்கு எவ்ளோ கொடுக்கும்?"

"இதுல லிட்டரே கிடையாது சார். கரன்ட்டு."

"லிட்டரே கெடையாதா?"

"கிடையாது சார்."

"அப்ப மைலேஜ் எழுதுற நோட்டுல இத எப்பிடி எழுதுறது?"

"எழுதவே முடியாது சார்."

கலியமூர்த்தியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. இருபத்திரண்டு புள்ளி நாலு! எதை எதால் வகுப்பான்? வகுக்க லிட்டர் வேண்டுமே! இந்த வண்டியில் ஜெகதாவைப் பின்னால் உட்கார வைத்து, அவள் கை தன் தோளில் இருக்க, வீரராகவன் வாசலில்... மூன்று ரவுண்டு என்ன, முப்பது ரவுண்டு!

வாசலுக்கு வந்தார். "ஜெகதா, காரு கெடையாது. வேணும்னா இந்த ஸ்கூட்டர் வாங்கித் தரேன்."

அவள் திரும்பவே இல்லை. "எத்தையோ பண்ணுங்க. கேட்டதத் தர மாட்டீங்க, தரத வாங்கிக்க வேண்டியதுதான்."

மூன்று வாரத்துச் சண்டையில் ஜெயித்துவிட்டார்! அந்த உற்சாகத்தில் உள்ளே போய் ரேணுகாவோடு இரண்டு மணி நேரம் பேசினார். சீட் கவரை இனாமாகவே வாங்கினார். கால் மிதியடி வாங்கினார். புடவை சக்கரத்தில் மாட்டாமலிருக்கத் தடுப்பு வாங்கினார். ஒரு ஹெல்மெட் வாங்கினார். இன்னொரு ஹெல்மெட்டுக்கு ரேணுகா அழாத குறையாக மறுத்துக்கொண்டிருக்கையில், வாசலிலிருந்து சரியான நேரத்தில் குரல் வந்தது:

"நேரமாவுது, வாங்க போலாம்!"

இரண்டாவது ஹெல்மெட்டும் வந்துவிட்டது. கலியமூர்த்திக்குக் கண் கலங்கியது. கோபத்திலும் கடமை தவறாத பெண்டாட்டி!

"என்ன சைஸ் சார்?"

முதுகைத் திருப்பியபடியே ஜெகதாம்பாள் சொன்னாள்: "ரெண்டும் சின்னதே போதும்மா."

சிக்கனமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டார் கலியமூர்த்தி.

புதன்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தது. இந்தத் தடவை இரண்டு கன்னமும் வழவழ. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. மஞ்சள் குங்குமம் வைத்த நீல வண்டி முற்றத்தில் நின்றது. எதிர்பார்த்தபடியே சுவருக்கு மேல் வீரராகவன் தலை உதயமானது. கையில் நோட்டு.

"புது வண்டியா சார்? லிட்டருக்கு..."

"லிட்டரே இல்ல சார்!"

வீரராகவன் பேனாவை நோட்டின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு நோட்டை மூடிவிட்டார். கலியமூர்த்திக்கு அந்த ஒரு நொடிக்காக இன்னும் நாலு வண்டி வாங்கலாம் போலிருந்தது.

ரைஸ்மில் கதவு கொஞ்சமாக விலகியிருந்த இடுக்கு வழியாக வசந்தா அர்ச்சனைக் கூடையோடு உள்ளே நுழைந்தாள்.

"நீங்க கார்ல போங்கம்மா," என்றார் கலியமூர்த்தி பெருந்தன்மையாக. "நானும் ஜெகதாவும் இதுல வரோம்." ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தார். அது நெற்றியோடு நின்றுவிட்டது. அமுக்கினார். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த பூசணிக்காய் மாதிரி இருந்தார். அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே.

"கொடுங்கண்ணே," என்று வசந்தா அதை வாங்கித் தன் தலையில் மாட்டினாள். கச்சிதம். இன்னொன்றை ஜெகதாம்பாள் மாட்டினாள். அதுவும் கச்சிதம். ஜெகதாம்பாள் புடவையை ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏய்! இன்னா பண்றே? எறங்கு. உழுந்து கிழுந்து தொலைக்கப் போறே."

ஜெகதாம்பாள் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். டிரைவிங் லைசென்ஸ். போட்டோவில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி கத்துக்கின நீ?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கிரவுண்டு கீது. அக்கா பொண்ணு ஷோபனா திருவேற்காட்டுலதான் கீறா, அவ வண்டியில. டெஸ்ட்டுக்கும் அவதான் இட்டுனு போனா. நீங்க அன்னிக்கு அம்பத்தூருக்குக் கதவு எடுக்கப் போயிருந்தீங்க."

"அப்ப அந்தக் காரு... ஏ.சி... சிரிச்சுக்கினு போனியே?"

"ஏ.சி.யா?" வசந்தா குறுக்கே புகுந்தாள். "ஏ.சி. போட்டா மைலேஜ் குறையுமாம். கண்ணாடியை இறக்கினா காத்து மோதி மைலேஜ் குறையுமாம். நாலையும் மூடிட்டு, இட்லிச் சட்டியில வேகற மாதிரி வெந்துதான் கோயிலுக்குப் போவோம். அதை நினைச்சுத்தான் சிரிப்போம்."

சுவருக்கு மேலிருந்த தலை மெதுவாக அஸ்தமித்தது.

இரண்டு மாதம் பொறாமைப்பட்டது ஒரு இட்லிச் சட்டியைப் பார்த்தா! "அப்ப மூணு வாரமா காரு காருன்னு என் உசுர வாங்குனது இன்னாத்துக்கு? கடையில இந்த வண்டிய ஒரு தபா கூட நீ திரும்பிப் பாக்கலியே!"

ஜெகதாம்பாள் ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டினாள். டக்.

"நல்ல கதவு கீற ஊட்டுக்குப் போனா நீங்க எத்தப் பாப்பீங்க?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷத் தொழில் ரகசியம். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. பிக்கப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியைத் தவிர.

"ஜன்னல," என்றார்.

"அதான்." வசந்தா பின்னால் ஏறி ஜெகதாம்பாளின் தோளில் கையை வைத்தாள். தன் தோளில் ஜெகதாவின் கை என்று கலியமூர்த்தி போட்ட கணக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜெகதாம்பாள் சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லாமல் வண்டிக்கு உயிர் வந்தது. முற்றத்தைக் கடந்து, ரைஸ்மில் கதவின் முன்னால் போய் நின்றது. வண்டி வெளியே போகிற அளவுக்கு இடுக்கு போதாது.

ஜெகதாம்பாள் திரும்பிப் பார்த்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, தனக்கு வேண்டியதை நேராகவே பார்த்துக் கேட்டாள்:

"கொஞ்சம் கதவத் தொறந்து விடுங்க."