சம்பந்தியம்மாவை ஜன்னல் வழியே இறக்கிய கதை

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம், உங்கள் மச்சானின் புத்தியைத் தவிர. அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

இவர் ஓய்வு பெற்ற கையோடு அருங்காட்சியகத்தில் பழைய பஸ்களைப் பராமரிக்கும் குழுவில் சேர்ந்தார் அல்லவா, அங்கே எங்களைவிட வயதான சிவப்பு பஸ் ஒன்று இருக்கிறது, வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத மனுஷன் அதைத் தினமும் குளிப்பாட்டித் துடைக்கிறார். போன ஞாயிறு நம் சின்னவள் விரும்பும் பையனின் அப்பா அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வந்தார்கள். பையனின் அம்மா பலகாரத்தைத் தொடவேயில்லை. இஷ்டமில்லையோ என்று நான் தட்டை இன்னும் பக்கத்தில் நகர்த்தினேன். இவரோ, "வாங்க, நம்ம பஸ்ஸைப் பாத்துட்டு வரலாம்" என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போய், சீட்டில் உட்கார வைத்து, "அந்தக் காலத்துச் சத்தத்தைக் கேளுங்க" என்று கதவைப் படாரென்று சாத்தினார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை.

வெளியே இருந்து காவலாளி இழுத்தார், உள்ளே இருந்து இவர் தள்ளினார், அசையவில்லை. காவலாளி கடப்பாரையோடு வந்ததும் இவர் உள்பக்கம் கையை விரித்துக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"என்னை என்ன வேணா பண்ணுங்க, கதவுல கை வைக்காதீங்க. ஒரிஜினல்."

"கண்ணாடியையாவது உடைக்கட்டுமா சார்?"

"அது கதவைவிட ஒரிஜினல்."

பையனின் அப்பாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது, நான் தலையில் அடித்துக்கொள்கிறேன், கடைசியில் சம்பந்தியம்மா ஆகியிருக்க வேண்டியவரை டிரைவர் ஜன்னல் வழியே காலை முதலில் விட்டு இறக்கினோம், அண்ணா. கீழே காவலாளி அவருடைய ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலேயிருந்து இவர் "பாத்து, பாத்து" என்று பதறினார். எனக்குக் கொஞ்சம் மனசு குளிர்ந்தது. அடுத்த வார்த்தை, "பெயின்ட் உரசுது."

அவர்கள் காரில் ஏறிப் போனவர்கள்தான், இன்றுவரை போன் இல்லை. சின்னவள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. இவர் "கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கணும்" என்று அதற்கு வருத்தப்படுகிறார். நீங்கள் நேரில் வந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டால்தான் இவர் அந்த பஸ்ஸை விடுவார்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உங்களையே நம்பியிருக்கும்,
தங்கை.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பையனின் அம்மா போன் செய்தார். "தப்பா நினைக்காதீங்க, போனை எடுத்தாலே சிரிப்பு வந்துடுது, அதான் பேசலை" என்றார். முழுச் சம்மதமாம். ஆனால் கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த பஸ்ஸில்தான் வர வேண்டுமாம். இவர் உடனே சரி சொல்லிவிட்டார், எஞ்சின் ஓடாது என்பதைச் சொல்லவில்லை. ஆகவே அண்ணா, திட்ட வர வேண்டாம். தள்ள வாருங்கள். பையன்களையும் கூட்டி வாருங்கள்.