கம்பெனி மேனேஜருக்கு வைத்த நெய்மீன் கறி

எங்கள் இராஜாக்கமங்கலம் பக்கத்தில் மீன் என்றால் கடல் மீன். குளத்தில் நீந்துவதெல்லாம் மீன் கணக்கில் சேராது. வளர்க்கலாம், விற்கலாம், வாயில் மட்டும் வைக்கக் கூடாது. இந்த எண்ணம் ரத்தத்தில் ஊறிப்போனதால்தான் அன்றைக்கு யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

ஜிலேபி மீன் வளர்க்கும் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். நான் செயலாளர் (இங்கிலீஷில் போன் பேசுவேன் என்ற ஒரே தகுதி). கோடையில் குளங்கள் வற்றத் தொடங்கின. உள்ளூரில் வாங்க ஆளில்லை. மீனைப் பதப்படுத்தி வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி எடுக்காவிட்டால் அத்தனையும் செத்து மிதக்கும். கெஞ்சிக் கூத்தாடி அதன் மேனேஜரை வரவழைத்தேன்.

குழுத் தலைவர் செல்லத்துரை அண்ணன் வீட்டில் அவருக்குச் சாப்பாடு. தேங்காய் அரைத்த மீன் கறி. மனுஷன் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பிரமாதம்! உங்க குளத்து மீனா?"

"பின்னே, வேற எது சார்?" என்றேன் பெருமையாக. கறியில் கிடந்தது நெய்மீன் (சென்னைக்காரர்களுக்கு வஞ்சிரம்). விருந்தாளிக்கு வேறென்ன வைப்பார்கள்?

"இதே மீன்தான் வேணும்" என்று குளத்துக்குக் கிளம்பிவிட்டார். வலை வீசினோம். உள்ளங்கை அகலத்தில் ஜிலேபிகள் துள்ளின. அவர் சாப்பிட்ட துண்டே அதைவிடப் பெரிது.

"அந்தப் பெரிய மீன் எங்கே?"

"இதுதான் சார். கறியில போட்டா கொஞ்சம் ஊதும்" என்றேன்.

செல்லத்துரை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "லேய், சும்மா கெட மக்கா. சார், அது கடல்ல பிடிச்ச நெய்மீனாக்கும். இத நாங்க ஆரும் தின்ன மாட்டோம்."

குளத்தில் விழுந்து செத்துவிடலாமா என்று பார்த்தேன். முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது.

"வளர்த்த நீங்களே சாப்பிடலைன்னா, நான் யார் தலையில கட்டுறது?" என்றார் மேனேஜர். "செயலாளர் முதல்ல சாப்பிடட்டும். அப்புறம் லாரி."

உடனே பொரித்துக் கொண்டுவந்தார்கள். ஐந்து குடும்பமும் சுற்றி நின்று என் வாயையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். அவமானம் என்னவென்றால், மீன் நன்றாகவே இருந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டேன். லாரி வந்தது, குளங்கள் காலியாயின, எல்லோரும் பிழைத்தோம்.

நான் மட்டும் பிழைக்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் முதல் விருந்து. எல்லார் இலையிலும் நெய்மீன். என் இலையில் முழுசாக ஒரு ஜிலேபி.

"மருமவனுக்குக் கடல் மீனே எறங்காதாமே" என்றார் மாமியார் பயபக்தியோடு. "செல்லத்துரை வந்து சொல்லிட்டுப் போனான்."

இன்றுவரை அந்த வீட்டில் எனக்கு நெய்மீன் கிடைத்ததில்லை.