மெயின் வால்வை மூடிய அண்ணன்

மனித இனத்தில் ‘பாதி கேட்டவர்’ என்றொரு வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே இவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்துவிடும். மூன்றாவதிலிருந்து இவர் கேட்பதில்லை. டாக்டர் சரியாகச் சொல்கிறாரா என்று சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

நம்மவர் குடிநீர்த் துறையில் முப்பத்தோரு வருஷம் குழாய் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் அவருடைய தங்கைக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு முன் அதைச் சுருக்கியாக வேண்டும். டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, கட்டி வளர ரத்தம் வேண்டும், அதனால் அது பக்கத்து ரத்தக்குழாய்களுக்குச் சேதி அனுப்பித் தன் பக்கம் புதுக் கிளைகளை முளைக்க வைத்துக்கொள்ளும், நாம் போடும் ஊசி அந்தக் கிளைகளை முளைக்க விடாது என்று பொறுமையாக விளக்கினார். தங்கை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் பரம திருப்தி.

“திருட்டுக் கனெக்‌ஷன்,” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். இந்த வகையினர் முன்னால் டாக்டர்கள் சிரிக்கவே கூடாது, அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வார்கள்.

அன்றிலிருந்து காத்திருப்பு அறையில் இருந்தவர்களுக்கும், லிஃப்டில் அகப்பட்டவர்களுக்கும், நலம் விசாரிக்கப் போன் செய்த உறவினர்களுக்கும், நம்பர் தவறிப் போன் செய்த ஓர் அப்பாவிக்கும் கட்டியின் குழாய் அமைப்பை விளக்கிக்கொண்டே இருந்தார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று சொல்லத்தான் நேரம் கிடைக்கவில்லை.

விளக்கத்தோடு நின்றிருந்தால் வெறும் தொல்லை. ஆனால் அனுபவசாலி ஆயிற்றே, சும்மா இருப்பாரா? திருட்டு இணைப்பு இருக்கும் தெருவில் முதல் வேலை மெயின் வால்வை இறுக்குவது. தங்கைக்கு ரத்தசோகைக்காக எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை டப்பா அவர் கண்ணில் பட்டது. ரத்தத்தை ஊற வைத்து யாருக்குக் கொடுப்பது, கட்டிக்கா? டப்பா அவர் சட்டைப் பைக்குப் போனது. கீரையும் முட்டையும் நின்றன. தங்கைக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணம் செய்துவைத்தவர் அண்ணன். அவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசிக்குப் போனபோது ஆஸ்பத்திரிப் படியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. ரத்தம் இவ்வளவு குறைந்தால் ஊசி போட முடியாது, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆபரேஷனும் தள்ளித்தான் போகும் என்றார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையோரமாகப் போன தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்.

யாரோ கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கைக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, எனக்குச் சேர வேண்டியதை அந்தக் கட்டியும் எடுத்துக்குது, நீயும் எடுத்துக்கிட்டே. அதுக்காவது ஊசி இருக்கு.”

அண்ணன் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். தங்கைமேல் உயிரையே வைத்திருப்பவர். பாதி கேட்டவர்கள் கெட்டவர்களாக இருந்துவிட்டால் நமக்கு எவ்வளவு சௌகரியம். கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தார்.

“சிஸ்டர்,” என்றார் அண்ணன், ரத்தப் பையை அண்ணாந்து பார்த்து, “ப்ரஷர் கொஞ்சம் கம்மியா வருதே?”

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

நீங்கள் அந்த வகை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், கட்டி எப்படி ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்கிறது என்பது இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது, அதுவும் ஒரு கேலிக் கட்டுரையைப் படித்து. தெரிந்தவர்களில் உடம்புக்கு முடியாத ஒருவருடைய முகம் இந்நேரம் மனதில் வந்திருக்குமே?

போனைக் கீழே வையுங்கள்.