கொறற்றியைத் தவிர

கொலோன்
19 மாசி 2026

அன்புள்ள தங்கச்சி கொறற்றிக்கு,

"அன்புள்ள" என்று போடச் சொன்னது வெரோனிக்கா. இயேசுவுக்குத் தோத்திரம், மாதாவுக்கு வணக்கம். நான் சுகம். நீயும் சுகம்தான் என்பது, கெவலார் மாதா கோவில் திருவிழாவில் வருசா வருசம் உன்னைத் தூரத்தில் கண்டு முகத்தைத் திருப்புகிற நேரத்தில் எனக்குத் தெரியவருகிறது.

போன சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் இருந்த எல்லாரையும் முதலில் எழுதிவிடுகிறேன். பாதர் இராயப்பு. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச வந்த கம்சனா. அதைப் படித்துப் பட்டம் எடுத்தவவாம், இன்னும் கலியாணம் கட்டவில்லை. என் மகள் வெரோனிக்கா. அவளுடைய மனிசன் சேயோன். போனைப் பார்த்துக்கொண்டு இருந்தபடியால் அவரை அரை ஆளாக வைத்துக்கொள். என் பேத்தி ஜெசிக்கா, எட்டு வயசு, வாற சித்திரையில் முதன்முதல் நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கப்போகிறவள். அவளோடு படிக்கிற மற்றப் பத்துப் பிள்ளைகள், அதுகளின் தாய் தகப்பன்மார். கதவடியில் செல்வரட்ணம் அண்ணை. அவர் இருந்த இடத்தில் நடந்தது நீ இருக்கிற வுப்பர்டாலுக்கு எவ்வளவு வேகமாக வரும் என்று உனக்குத் தெரியும். அவர் கண் காது வைத்துச் சொல்லுமுன் நான் உள்ளதைச் சொல்லவேணும்.

கூட்டத்தின் பெயர் "கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பு வழிகாட்டல்". வெரோனிக்கா ஒரு மாசத்துக்கு முன்னமே பெயர் பதிந்து வைத்தவள். எனக்கு ஒருத்தரும் அழைப்புத் தரவில்லை. கூட்டத்தில் தேத்தண்ணியோடு தின்ன அறுபது ரோல்ஸ் பொரித்தவள் என்ற உரிமையில் போனேன். கம்சனா சுவரில் படம் போட்டுப் பேசினாள். பிள்ளையோடு கதைக்கிறபோது நாங்கள் குனிந்து அதன் கண்ணுக்கு நேரே வரவேணுமாம். பிறகு என்னை நிமிர்த்த ஆர் வாறது? தண்டிக்கிறதுக்கு முன்னம் "என்ன நடந்தது?" என்று பிள்ளையிடம் கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரைக்கும் வாய் திறக்கக்கூடாதாம். "பிள்ளையிட்டைக் கேட்டால் பிள்ளை பொய்தானே சொல்லும்" என்று பக்கத்து மனிசிக்குச் சொன்னேன். அது கம்சனாவுக்கும் கேட்டுவிட்டது.

"இல்லை அம்மா, பிள்ளையள் நாங்கள் சொல்லுறதைச் செய்யாதுகள், செய்யிறதைத்தான் செய்யுதுகள். செபமும் அப்பிடித்தான்" என்றாள்.

பாதருக்கு அந்தப் பேச்சு நன்றாகப் பிடித்துவிட்டது. "எங்கடை பிள்ளையள் எவ்வளவு வடிவாச் செபிக்குதுகள் எண்டு கேளுங்கோ" என்று ஜெசிக்காவைக் கூப்பிட்டு மைக்கைக் குடுத்தார். என் பேத்தி முழங்காலில் நின்றாள், கொறற்றி. ஜேர்மனியில் பிறந்த பிள்ளை, ஒருத்தரும் சொல்லாமல், அவ்வளவு சனத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றது. இது ஆர் பழக்கினது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். கர்த்தர் கற்பித்த செபத்தை மணி அடித்த மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்களுக்குக் குற்றம் செய்தவர்களை நாங்கள் பொறுக்கிறோம் என்ற இடம் வந்தது. "கொறற்றியைத் தவிர" என்றாள். மூச்சுக்கூட விடாமல் அடுத்த வரிக்குப் போனாள்.

சேயோன்கூடப் போனை வைத்துவிட்டார். பாதர் தனக்குத்தான் காது பிழை என்று நினைத்து, "பிள்ளை, அந்த இடத்தைத் திருப்பிச் சொல்லும் பாப்பம்" என்றார். அவள் இன்னும் பலமாய்ச் சொன்னாள்.

"ஆர் அது, கொறற்றி?"

"தெரியாது பாதர். செபத்திலை வாற ஆள். பிலாத்து மாதிரி."

பாதர் வேர்க்க வேர்க்க மற்றப் பத்துப் பிள்ளைகளையும் எழுப்பிச் சொல்லச் சொன்னார். பத்தும் ஒரே குரலில் உன் பெயரைச் சொல்லிச்சுதுகள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் செபம் சொல்லிக்குடுக்கிறது ஜெசிக்காவாம்! புரட்டாதி மாசத்திலிருந்து கொலோனில் பதினொரு பிள்ளைகள் வாராவாரம் உலகத்தில் எல்லாரையும் மன்னித்து, உன்னை மட்டும் விட்டு வந்திருக்குதுகள். செல்வரட்ணம் அண்ணைக்குச் சிரிப்பில் ரோல்ஸ் புரைக்கேறி, முதுகில் அடிக்கவேண்டி வந்தது. நானே போய் அடித்தேன், கொஞ்சம் பலமாய்.

ஓம், நான்தான். ஒளிக்க என்ன இருக்கு? கடவுளுக்கு முன்னால் முழங்காலில் நின்று பொய் சொல்ல என்னால் ஏலாது. எல்லாரையும் மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய். அதனால் இருபத்தேழு வருசமும் ஆறு மாசமுமாய் அந்த இடத்தில் உன் பெயரை மெதுவாய்ச் சொல்லி விலக்கி வைப்பேன். ஒவ்வொரு நாளும் ஏழு மணிச் செபத்துக்கு என் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு மெதுவாய்ச் சொன்னதுதான் வடிவாய்க் கேட்டிருக்கு.

டிராமால் இறங்கி, வீட்டுப் படியில் வைத்து வெரோனிக்கா சொன்னாள்: "அம்மா, இனிப் பிள்ளையோடை நீங்கள் செபம் சொல்ல வேண்டாம். முதலிலை சித்திக்கு எழுதுங்கோ. தவக்காலத்துக்கு இறைச்சியை விடுறது பெரிசில்லை, இதை விடுங்கோ." அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். போடவில்லை. ஐந்து நாளாய் ஏழு மணிக்கு மற்ற அறையில் தாயும் பிள்ளையும் செபிக்குது. நான் குசினிக்குள் தனிய நிற்கிறேன். எனக்கு இந்த நாட்டில் இருந்தது அந்தக் கால் மணித்தியாலம் ஒன்றுதான் கொறற்றி, மிச்சம் எல்லாம் சமையல்.

ஆகையால் உன்னை மன்னித்தேன். எதை மன்னித்தேன் என்று நீ தெரிந்திருக்கவேணும். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி, கெவலார், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மரம், தூறல் மழை, நீ கட்டினது கத்தரிப்பூ நிறச் சீலை, என் தட்டில் நாற்பத்தெட்டு ரோல்ஸ். பாதர் சாப்பாட்டுச் செபம் சொல்லுமுன்னம் ஒரு ரோல்ஸை ஆரோ கடித்துப்போட்டுத் திருப்பித் தட்டிலேயே வைத்திருந்தது. தட்டடியில் நின்றது ஏழு வயசு வெரோனிக்கா. நீ அந்தக் கடிச்ச ரோல்ஸைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடிச்சு, பதினொரு பேருக்கு முன்னாலை, "அக்கா, பிள்ளையைப் பெத்தால் காணாது, வளக்கவும் தெரியோணும்" எண்டு சொன்னனி. நீ எட்டாம் வகுப்பு வரை படிச்சனி, நான் ஐஞ்சாம் வகுப்பு, அதுக்காகவோ? அந்த வெக்கத்திலை என்ரை பிள்ளையைக் கல்லுத் தரையிலை, ஆசீர்வாதம் முடியுமட்டும் முழங்காலிலை விட்டனான். அவளுக்கு ரெண்டு முழங்காலும் தோல் கிழிஞ்சது. அண்டைக்குப் பிறகு உன்னோடை நான் கதைக்கேல்லை.

அதெல்லாம் போகட்டும். மன்னிச்சாச்சு. உனக்கும் உன் மகன் றெக்சுக்கும் மாதாவின் ஆசீர்வாதம் இருக்கட்டும். முதல் நன்மைக்கு வா. வாறதெண்டால் ரோல்ஸ் கொண்டு வராதை, நான் செய்வன்.

இப்படிக்கு,
உன் அக்கா
பிலோமினா

பின்குறிப்பு: கடித உறையில் விலாசம் எழுதக் குடுத்த இடத்தில் வெரோனிக்கா முழுக் கடிதத்தையும் வாசித்துவிட்டாள். வாசித்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அம்மா, அதைக் கடிச்சது நானில்லை. றெக்ஸ்."

"ஏனடி அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

எனக்குத் தூறல் நினைவிருக்கு, சீலையின் நிறம் நினைவிருக்கு, நாற்பத்தெட்டும் நினைவிருக்கு. இந்தப் பிள்ளை வாய் திறந்தது மட்டும், எங்கே தேடியும் காணேன். றெக்ஸ் கடித்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, நீ எழுது. தெரியும் என்றாலும் உன்னை மன்னித்தது மன்னித்ததுதான். றெக்சுக்கு இப்போது முப்பத்தாறு வயசு, பிராங்பேர்ட்டில் பெரிய வேலை, அவனை முழங்காலில் விட ஏலாது.

இண்டைக்கு ஏழு மணிக்கு வெரோனிக்கா குசினிக்கு வந்து, "வாங்கோ அம்மா" என்றாள். போய் முழங்காலில் நின்றேன். அந்த இடம் வந்ததும் ஜெசிக்கா நிறுத்திப்போட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மம்மா, இப்ப ஆரை?"

ஒருத்தரையும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முழங்காலில் நிற்கிறேன், பொய் சொல்ல ஏலாது. ஒரு பெயரைச் சொன்னேன். என்னை அம்மம்மா என்று மட்டும் அறிந்த பிள்ளை, அது ஆரென்று கேளாமல், கையைக் கூப்பி அப்படியே சொன்னது:

"பிலோமினாவைத் தவிர."