மாதிரி எண் பதினேழு

மனித குலம் இதுவரை தரையில் துப்பி வீணாக்கிய செல்வத்துக்கு அளவே இல்லை. அந்த அநியாயத்துக்கு 2006-ஆம் ஆண்டு புதுச்சேரியில் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. எச்சிலில் துத்தநாகம், செம்பு, இரும்பு எல்லாம் துளித்துளியாக இருக்கிறதாம். ஈறு நோய் வந்தால் அந்த அளவு மாறுமாம். சிகிச்சை கொடுத்தால் பழையபடி ஆகிறதா என்று கண்டறிய ஒரு பல் மருத்துவமனை "மாபெரும் ஆய்வில்" இறங்கியது.

அந்தச் சரித்திரத்துக்குள் சாரம் பகுதிக் கண்ணையன் தெரியாத்தனமாக நுழைந்தார். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். மேல் முன்பல்லில் ஊன்றித்தான் கிளாரினெட்டைப் பிடிக்க வேண்டும். அந்தப் பல்லே ஆடியது. ஈறில் ரத்தம். பேண்டு செட் வாசிக்கும் ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்துக்கு இன்னும் இரண்டு மாதம். ஈறுக்கடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டால் பல் நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

டாக்டர் பிரேம்குமார் அந்த வாய்க்குள் பார்த்து மெய்மறந்தார். இப்படியொரு ஈறுக்காகத்தான் காத்திருந்தோம் என்று கைகொடுத்தார். கண்ணையன் அன்றே "மாதிரி எண் பதினேழு" ஆனார். பல் துலக்காமல், டீ குடிக்காமல் வந்து ஐந்து நிமிடம் ட்யூபில் எச்சிலை வடியவிட்டார். துப்பக்கூடாது, துப்பினால் நுரை வரும், நுரை விஞ்ஞானத்துக்கு ஆகாது.

"காரை எப்ப சார் எடுப்பீங்க?"

"நாப்பது பேர் எச்சில் சேரட்டும், எல்லாருக்கும் ஒண்ணா ஆரம்பிச்சுடலாம். அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் வாயக் காட்டிடாதீங்க. நோய் கெட்டுப்போயிடும்."

நோய் கெடாமல் ஏழு வாரம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார் கண்ணையன். பேசுவதானால் வாசலில் நின்று பேசு என்று மனைவி கலைவாணி சொல்லிவிட்டாள். முப்பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். நாற்பதாவது ஆள் காலாப்பட்டிலிருந்து வந்தார். வெற்றிலை போட்டு வந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். ஆய்வுக் குழு அவசரமாகக் கூடியது. இதற்குள் பழைய எச்சிலெல்லாம் "காலாவதி" ஆகிவிட்டபடியால் அனைவரும் மறுபடி வடிக்க வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானித்து, பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தது.

ஜூலை பன்னிரண்டு. கண்ணையன் குனிந்து வடியவிட்டார். ட்யூபுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். லேப் சுமலதா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சார், பதினேழுல அந்நியப் பொருள் கலந்துடுச்சு."

கண்ணையனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. புதிய சந்து வழியாகக் காற்றும் சேர்ந்து வந்தது.

"அந்நியமா? நாப்பது வருஷமா எங்கூடத்தாம்மா இருந்துச்சு. நீங்கதான் பழக்கமாயி ரெண்டு மாசம் ஆவுது."

பதினாலாம் தேதி அவர் கிளாரினெட்டை வேறொருவர் ஊத, கண்ணையன் பின்வரிசையில் வெறுங்கையோடு நடந்தார்.

மறு வருஷம் ஆய்வறிக்கை வழவழப்பான தாளில் வெளிவந்தது. பதினேழாம் எண்ணுக்கு நேரே இப்படி இருந்தது: "மேல் முன்பல் ஈறில் ரத்தக்கசிவு அறவே நின்றது. துத்தநாகம் திருப்திகரம். சிகிச்சை தேவைப்படவில்லை."