ரத்தப் பொரியலும் நீலப் பாசியும்

திண்டுக்கல் மாவட்டத்திலேயே ஆட்டு ரத்தத்தை வாங்கிக்கொண்டு கறி வேண்டாம் என்று சொன்ன ஒரே மனுஷி எங்கள் பாசியக்காதான். நாகல் நகர் கறிக்கடைக்காரர் முதல் நாளே மிரண்டுபோய், "இம்புட்டு ரத்தமா? வீட்ல யாருக்கும்மா பேய் புடிச்சிருக்கு?" என்று கேட்டாராம்.

வடமதுரை ரோட்டில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனி. அங்கே நான் சமையல். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கடல்பாசியைக் காய்ச்சி மணல் மாதிரி குட்டிக் குட்டி மணிகளாக்குவது அக்காவின் வேலை. பெயரும் அதில் வந்ததுதான். ரத்தத்தில் எத்தனையோ வகைப் புரதம் ஓடுகிறதாம். மருந்துக்கு வேண்டிய ஒன்றை மட்டும் அந்த மணிகள் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் வழிந்து போக வேண்டும். அந்தப் பிடிக்காக மணிகளுக்குச் சாயம் ஏற்றுவார். சின்னாளபட்டிச் சாயப் பட்டறைக்குப் போய்ச் சேலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்த நீலத்துல ஒரு கரண்டி குடுங்க" என்பார்.

ஒரு நாள் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்குள்ள செஞ்சு காட்டு. இல்லாட்டி பாசிய மூட்ட கட்டிரு."

அன்றைக்கென்று லேப் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டது. அக்கா ரத்தம் இருந்த தூக்குவாளியைச் சமையல்கட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனார். நான் என்னத்தைக் கண்டேன்? சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்துவிட்டேன். முதலாளியே இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

விஷயம் தெரிந்ததும், வாய் நிறைய அந்தப் பொரியல் வெஞ்சனத்தோடு, "வெளிய போடி!" என்று கத்தினார்.

அக்கா குறுக்கே வந்து நின்றார். "அவ போனா நானும் போறேன். தூக்குல எழுதி ஒட்டாதது என் தப்பு. தின்னது உங்க தப்பு."

ஸ்கூட்டியில் பறந்துபோய் வேறு ரத்தம் கொண்டுவந்தார். முதலாளியும் நகரவில்லை, வயிறு அப்படி நிறைந்திருந்தது. ரத்தத்தின் மேலாகத் தெளிந்து நின்ற நீரை மட்டும் எடுத்து நீலப் பாசியில் ஊற்றினார் அக்கா. மற்றதெல்லாம் வழிந்தது. பிறகு உப்புத் தண்ணீர் ஊற்றினார். பாசி பிடித்ததை விட்டது. ஒரு புரதத்துக்கு ஒரு கோடு விழுமாம்; சோதித்துப் பார்த்தால் ஒரே ஒரு கோடு!

"பாத்தியாடி? புடிக்க எல்லாப் பாசிக்குந்தான் தெரியும். உப்புத் தண்ணி ஊத்துனா விடவும் தெரியணும். அதான் நல்ல பாசி."

போன மாதம் காய்ச்சலில் அக்கா போய்விட்டார். ஆணியில் தொங்கிய அவருடைய வெள்ளை லேப் கோட்டை எடுத்துவிடச் சொன்னார் முதலாளி. "முடியாது சார். அது அந்த ஆணியிலதான் தொங்கும்" என்றேன். "விட்டுரு புள்ள, பழகிரும்" என்கிறார்கள் எல்லாரும்.

ஒரு மாதமாக நானும் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், கண்ணிலிருந்து. விடமாட்டேன்.

நான் நல்ல பாசி இல்லக்கா.